பழைய கேமரா பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்



பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தெருவில் பால் ஊற்றும் தம்பியின் பைக் போன வாரம் திருடு போனது. அவருக்குப் பிழைப்பே அந்த வண்டிதான். எங்கள் வாசல் கேமராவில் பதிவாகியிருக்கும். ஆனால் டிவிஆர் பத்து வருடப் பழசு. கம்ப்யூட்டரில் திறந்தால் வெற்றுத் திரை. கேமரா போட்டவர், "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார். புதுசில் போன வாரத்துப் பதிவு இருக்குமா?

பெட்டி கெடவில்லை. பழைய டிவிஆர்கள் பலவும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் படம் காட்டும். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது. எட்ஜ் பிரவுசரில் உள்ள 'ஐஇ மோடு' சில பெட்டிகளுக்கு உதவும்.

அதைவிட எளிய வழி, இணையமே இல்லாமல் பார்ப்பது. பெட்டியை எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ கேபிளால் டிவியில் இணைத்து, மவுஸைச் செருகினோம். தேதியைத் தேடி, பென் டிரைவில் 'பேக்கப்' எடுத்தோம். பெட்டியின் கடிகாரம் 40 நிமிடம் பின்தங்கியிருந்தது. அதையும் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்தார் தம்பி. வண்டி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் எடுத்தவன் முகம் தெரிகிறது.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவு தானாக அழியும்; தாமதிக்கக் கூடாது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' வைரஸ் அப்படி மாற்றாத கேமராக்களிலும் டிவிஆர்களிலும்தான் புகுந்தது. புதிய பாஸ்வேர்டை நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.