ஒன்றுமில்லை என்னும் சொல்

"இரத்தத்தில் ஒன்றுமில்லை" என்று கேட்டால் எவருக்கும் மனம் குளிரும். எங்கள் அக்காளுக்கோ அச்சொல் கண்ணீரை வரவழைத்தது.

இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலை செய்பவர் அவர். காலை ஷிப்டுக்காக நான்கு மணிக்கே எழுவார். கடந்த ஆண்டில் ஓயாத களைப்பு அவரை ஆட்கொண்டது. சீப்பு நிறைய முடி உதிர்ந்தது, கைகால்கள் சில்லிட்டன, மறதியும் சேர்ந்துகொண்டது. "தைராய்டுதான்" என்று தெருவே தீர்ப்பளித்தது. சோதித்துப் பார்த்தோம், இயல்பான அளவே வந்தது. மனம் ஒப்பாமல் திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தேறி, வேறோர் ஆய்வகத்தில் மீண்டும் பார்த்தோம். அங்கும் அதே விடை. "எல்லாம் மனப்பிரமை" என்று ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். வழக்கமாக வாங்கும் பால்கோவாவைக்கூட வாங்காமல் வீடு திரும்பினோம். "நோய் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் பொய் சொல்வதாக அல்லவா சொல்லிவிட்டார்கள்!" என்று அக்காள் அழுதார்.

அச்சோதனை பொய் சொல்லவில்லை. டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை செய்யுமாறு பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏவல். தைராய்டு சோர்ந்தால் அதன் அளவு உயரும். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு என்பர். பிட்யூட்டரியே பழுதுறும் அரிய நிலையிலும், முடி வளர உண்ணும் பயோட்டின் மாத்திரையாலும் கணக்குப் பிறழலாம். மற்றப்படி பெரும்பாலோர்க்கு அது நம்பத்தக்கதே. ஆனால் அது விடை தருவது ஒரே ஒரு கேள்விக்குத்தான்.

இதற்கிடையில் அடுத்த வீட்டு அம்மையார் தம் தைராய்டு மாத்திரைகளை அன்போடு நீட்டினார். தேவையற்றவர் அதை உண்டால் இதயத் துடிப்பு தடுமாறும். நாளடைவில் எலும்பும் மெலியும். நல்லவேளையாக, அக்காள் அதை வாயில் இடுமுன் திருவில்லிபுத்தூரிலேயே மற்றொரு மருத்துவரைக் கண்டோம். அவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். எத்தனை மணி நேரம் உறக்கம்? மாதவிலக்கில் எவ்வளவு உதிரப்போக்கு? தேநீர் எப்போது? சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்துவது அக்காளின் பழக்கம். அது உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாது என்று விளக்கினார். இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையில் அளவு மிகக் குறைந்திருந்தது.

இதில் வியப்பில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உண்டு. களைப்பும் குளிரும் முடியுதிர்வும் தைராய்டுக்கு மட்டுமே உரியவை அல்ல. இரும்புக் குறையும் உறக்கக் கேடும் மனச்சோர்வும் அதே முகத்தோடு வரக்கூடும்.

இன்று அக்காளின் முடியுதிர்வு குறைந்துவிட்டது. களைப்பு முற்றும் அகலவில்லை. நான்கு மணிக்கு எழும் வாழ்வும் மாறவில்லை. எனினும் அவர் முகத்தில் பழைய அவமானம் இல்லை. வருந்தும் ஒருவரிடம் "உனக்கு ஒன்றுமில்லை" என்னாமல், "இது தைராய்டு அன்று, வேறென்னவென்று பார்ப்போம்" என்று சொல்லலாமே. மருந்துக்கு முன்னரே அச்சொல் பாதி நோயைத் தணிப்பதை எங்கள் வீட்டில் கண்டோம்.