உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி என்று நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகள் இப்போது ஜெர்மனிக்கும் சுவீடனுக்கும் நோர்வேக்கும் படிக்கவும் வேலை பார்க்கவும் வருகிறார்கள். விசா கைக்கு வந்ததும் அநேகமாக எல்லோரும் எனக்கு அனுப்பும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, குளிருக்கு எந்த பிராண்ட் ஜாக்கெட் வாங்கணும்?" கூடவே இரண்டு மூன்று படங்களும் வரும். மமுட், நொரோனா, ஃபியல்ராவன். சிலவற்றின் விலை ஊரில் ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு.

பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் பெயர் பதிலாகாது. ஒரே கம்பெனி பனிமலை ஏறுபவருக்கு ஒரு ஜாக்கெட் தைக்கிறது, கடைத்தெருவுக்குப் போகிறவருக்கு இன்னொன்று தைக்கிறது; இரண்டின் நெஞ்சிலும் ஒரே முத்திரைதான் இருக்கும். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் யார் வீட்டு மாடு என்று கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்க மாட்டார். பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார். துணிக்கும் அப்படியொரு பார்வை உண்டு. அதைக் கற்றுக்கொண்டால் எந்த நாட்டுக் கடையிலும் ஏமாற வேண்டியதில்லை.

நான் இருப்பது பெர்கன். நோர்வேயின் மேற்குக் கரை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர். புதுக்கோட்டையில் நல்ல வருஷத்தில்கூட இதில் பாதியைத்தான் எதிர்பார்க்க முடியும், அதுவும் அதிகமாக ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டும். கண்மாய் நிறையுமா என்று வானத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, மழை என்றால் வேண்டி வரவழைப்பது. இங்கே அது கேட்காமலே வரும். அடித்துப் பெய்யாது, நாள் முழுக்கச் சாரலாக விழுந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே நிற்கும். வறண்ட பனியைவிட இந்த ஈரக்குளிர்தான் உடம்பை உருக்குலைக்கும்.

இதைத் தாங்க என்ன உடுத்துவது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர். எண்பதுகளின் கடைசியில் வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் பல வருஷம் நின்று வேலை செய்தவர். அந்தக் கரையோர ஆலைகளில் ஈழத்தமிழர் நிறையப் பேர் உழைத்திருக்கிறார்கள். நோர்வேத் தமிழர் வாழ்க்கையின் அடித்தளம் அந்த ஈரத் தரையில்தான் போடப்பட்டது. என் புது ஜாக்கெட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"வெளியில போடுறதைப் பிறகு பாப்பம். உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறீர்?"

பருத்தி பனியன் என்றேன்.

"அதைக் கழட்டி வையும். வேர்த்தால் அது காயாது. காயாட்டி உம்மைக் கொண்டுபோடும்."

அவர் சொன்னது முழு உண்மை. நம் வெயிலுக்குப் பருத்தி அருமையான துணி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். அந்தக் குணமே இங்கே ஆபத்து. கம்பளி இழை வேறு மாதிரி. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, சூடும் போகாது. நம் ஊர்க் கீதாரிகளுக்கு இது தெரியும். ஆட்டுக்கிடைக்குக் காவல் படுப்பவர்கள் கார்த்திகை மழையில் குறும்பாட்டு மயிரில் நெய்த முரட்டுக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாற்று நடும் பெண்கள் யூரியாச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். உள்ளே சூட்டைப் பிடிப்பது ஒன்று, வெளியே நீரைத் தள்ளுவது ஒன்று. ஐரோப்பியக் கடையில் அடுக்கடுக்காகத் தொங்குவதெல்லாம் இந்த இரண்டு வேலைக்காகத்தான்.

ஆகவே முதல் சம்பளத்தில் வாங்க வேண்டியது உள்ளாடை. மெரினோ கம்பளி. டெவோல்ட் என்ற நோர்வே கம்பெனி 1853 முதல் இந்த வேலையில் இருக்கிறது. மீனவர்களுக்கும் கடலோடிகளுக்கும் பின்னித் தந்து வளர்ந்தது. எந்தப் பெயராக இருந்தாலும் பார்க்க வேண்டியவை இவை. இழையின் பருமனை மைக்ரானில் போட்டிருப்பார்கள். 19க்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் அரிக்காது. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது அடுத்தது. நடக்கிறவருக்கு 150 போதும், நின்று வேலை செய்பவருக்கு 250 வேண்டும். பிறகு துணியை இரண்டு கையாலும் இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விட்டுவிட வேண்டும். நல்ல பின்னல் உடனே தன் அளவுக்குத் திரும்பிவிடும். தொய்ந்து நின்றால் வேண்டாம். கடைசியாக உள்பக்கம் திருப்பித் தோள் தையலைத் தடவிப் பாருங்கள். திருப்பூர்க்காரர்கள் பேட்லாக் என்று சொல்லும் தட்டைத் தையலாக இருந்தால் பை மாட்டி நடந்தாலும் தோளை அறுக்காது. நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் ஒருவராவது திருப்பூரில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவர் இருப்பார். தையலை விரலால் படிக்கத் தெரிந்த அத்தையையோ சித்தியையோ கேட்டுவிட்டு வந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த ஐரோப்பியக் குளிராடை வலை பனியன். நம் தாத்தாமார் சட்டைக்குள் போட்டிருப்பார்களே, அதே ஓட்டை பனியன். 1933இல் ஹென்ரிக் புரூன் என்ற நோர்வே ராணுவ அதிகாரி மீன்பிடி வலைத் துண்டுகளைக் கொண்டு இதைச் செய்து பார்த்தார் என்பது வரலாறு. பிரின்யே என்ற கம்பெனி இன்றும் பின்னுகிறது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய பிரிட்டிஷ் குழுவின் சாமான்களிலும் வலை பனியன் இருந்தது. மேலே இறுக்கமாக ஒரு சட்டை போட்டுவிட்டால் அந்த ஓட்டைகளில் காற்று சிறைப்பட்டுச் சூட்டைக் காக்கும். வியர்த்துவிட்டால் மேல்சட்டையைத் திறந்த மறுகணம் ஈரம் வெளியேறிவிடும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத பொருள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் வலை பின்னுகிறவர்கள் ஒருமுறை பார்த்தாலே இதன் நியாயம் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இனி மேலே போடும் மழை ஜாக்கெட். சீட்டில் 10,000, 20,000 என்று ஒரு எண் இருக்கும். துணியின் மேல் நீரைக் குழாயில் நிறுத்திக்கொண்டே போனால் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் கசியத் தொடங்கும் என்பதன் அளவு அது. 10,000 என்றால் பத்து மீட்டர் உயர நீர். கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் அது பரிசோதனைச் சாலையில் புதுத்துணிக்குக் கிடைத்த எண். பையின் வார் அழுத்தும் தோளில், பலமுறை துவைத்த பிறகு, அதே எண் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. தவிர, மழை துணி வழியாக வருவது குறைவு. தையல் ஊசி போட்ட ஓட்டை, ஜிப், கழுத்து, மணிக்கட்டு, இவைதான் வழி. அதனால்தான் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். ஒவ்வொரு தையலின் மேலும் ஒரு டேப் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அக்குளில் நான்கு தையல்கள் கூடும் இடத்தில் டேப் சுருங்காமல், குமிழ் இல்லாமல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அவசரமாகச் செய்த ஜாக்கெட் அந்த இடத்தில்தான் பிடிபடும். அப்புறம் தொப்பியை மாட்டிக்கொண்டு தலையை இடப்பக்கம் திருப்புங்கள். தொப்பி கூடவே திரும்பாவிட்டால் சாலையைக் கடக்கும்போது பஸ் தெரியாது.

உள்ளே இருக்கும் சவ்வுக்குத்தான் பெரிய விலை. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் சூடாக்கிய டெஃப்லானைச் சட்டென்று இழுத்தபோது பிறந்தது கோர்-டெக்ஸ். நீர்த்துளி நுழையாத, நீராவி மட்டும் போகிற நுண்துளைகள் கொண்டது. வேலை செய்யும், ஐயமில்லை. ஆனால் வெளித்துணி நீரை உதறும் தன்மையை இழந்து ஊறிவிட்டால் நீராவிக்கு வழி அடைபடும். உள்ளே சேரும் வியர்வையைப் பார்த்து "ஜாக்கெட் ஒழுகுது" என்று தூக்கி எறிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அதைத் துவைத்து, துணிச்சீட்டு அனுமதித்தால் டிரையரில் இளஞ்சூட்டில் உலர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் ஊற்றக் கூடாது. இன்னொன்று. நீர் உதறும் பூச்சில் இதுவரை இருந்த புளோரின் ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குபவை. பிரான்ஸ் 2026 ஜனவரி முதல் ஆடைகளில் அவற்றைத் தடை செய்துவிட்டது. தடை நல்லது. புதிய பூச்சுகள் எண்ணெய்ப்பிசுக்கை அவ்வளவாகத் தாங்குவதில்லை என்பதால், இப்போது வாங்கும் ஜாக்கெட்டை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டோ மெதுவாக நடந்தோ மழையில் வேலை பார்ப்பவருக்கு இந்தச் சவ்வு தேவையே இல்லை. 1877இல் ஹெல்லி யூல் ஹான்சன் என்ற கப்பல் தலைவர் மோஸ் என்ற ஊரில், துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து மாலுமிகளுக்கு மழையங்கி செய்து விற்றார். ஹெல்லி ஹான்சன் கம்பெனியின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அதன் வழியில் வந்த ரப்பர் மாதிரியான பாலியூரித்தேன் அங்கிகளைத்தான் பெர்கனில் பாலர்பள்ளிக் குழந்தைகள் முதல் மீன் இறக்குகிறவர்கள் வரை போடுகிறார்கள். சவ்வு ஜாக்கெட்டின் விலையில் சிறு பங்குதான் ஆகும். காற்றுப் போகாது, ஆனால் ஒரு சொட்டு உள்ளே வராது. விடியற்காலையில் பத்திரிகை போடும் வேலைக்கு வருகிற பிள்ளை முதலில் இதை வாங்கட்டும்.

"இது ஐரோப்பாவில் செய்ததா?" என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. வரைவது இங்கே, தைப்பது வியட்நாம், சீனா, வங்கதேசம் என்று பல நாடுகளில். அதனால் தரம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். மிகக் கடினமான டேப் வேலையில் கைதேர்ந்தவர்கள் இன்று ஆசியாவில்தான் இருக்கிறார்கள். என் மனத்தை உறுத்துவது வேறு. சுவீடனில் ஓஸ்டர்சுண்ட் என்ற ஊரில் வூல்பவர் என்ற கம்பெனி இருக்கிறது. அவர்களுடைய கம்பளிச் சட்டையின் உள்ளே ஒரு சிறு துணிச்சீட்டு இருக்கும்; அதில் ஒரு பெயர் இருக்கும். அந்தச் சட்டையைத் தொடக்கம் முதல் கடைசிவரை தைத்த ஒருவருடைய பெயர். அதை முதன்முதலில் பார்த்தபோது கடையிலேயே நின்றுவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து திருப்பூருக்குப் போன அக்காக்கள் ஐரோப்பாவுக்கு எத்தனை ஆயிரம் பனியன் தைத்து அனுப்பியிருப்பார்கள்! ஒன்றிலாவது அவர்கள் பெயர் இருந்திருக்குமா? பெயர் போடுகிற கம்பெனி அந்தக் கைக்குத் தர வேண்டிய கூலியையும் நேரத்தையும் எளிதில் மறுத்துவிட முடியாது. நெதர்லாந்தில் 1999இல் தொடங்கிய ஃபேர் வேர் அமைப்பு தைக்கும் ஆலைகளின் நிலைமையைச் சோதிக்கிறது. ஜெர்மனியின் ஃபவ்டே போன்றவை அதில் சேர்ந்திருக்கின்றன. விலைச்சீட்டில் மழை எண்ணைத் தேடுகிற கண் இதையும் தேட வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். கூலி கொடுக்காமல் தைத்த ஜாக்கெட்டை என்னால் நல்ல ஜாக்கெட் என்று சொல்ல முடியாது.

பழுது பார்க்க முடியுமா என்பது அதற்கடுத்த சோதனை. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது முதுகுப்பையின் ஜிப் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் பை தைக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். பிராண்டின் பெயரை அவர் வாசிக்கவில்லை. ரன்னரைத் திருப்பிப் பின்னால் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். நகத்தால் பல்வரிசையை ஒருமுறை நீவினார். "பல்லு நல்லாத்தாண்ணே இருக்கு. ரன்னர்தான் தேஞ்சு வாய் அகண்டுபோச்சு" என்று குறடால் இரண்டு பக்கமும் மெல்ல நெருக்கினார். மூடிக்கொண்டது. நோர்வே திரும்பியதும் ரன்னரை மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னார். பிறகு தையலைத் தடவிப் பார்த்து, வார் பையோடு சேருமிடத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டியிருந்த தையலைக் காட்டி, "இது மாட்டு மூக்கணாங்கயிறு கட்டுற எடம் மாதிரி. இங்க கஞ்சத்தனம் பண்ணிருந்தா பை போயிருக்கும்" என்றார். ஐரோப்பியச் சோதனைக்கூடங்கள் சொல்வதை அவர் நின்ற இடத்தில் சொல்லிவிட்டார். வாங்கும்போது நானும் இப்போது ரன்னரைத் திருப்பிப் பார்க்கிறேன்.

காலணிக்கு ஒரே எச்சரிக்கை. பாலியூரித்தேன் நடுத்தட்டு உள்ள பூட்ஸை ஊர் பீரோவில் வருஷக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்து அதை உதிர்த்துவிடும். அடித்தட்டை மாற்றித் தைக்கக்கூடிய பூட்ஸாக இருந்தால் விலை கூடினாலும் வாங்கலாம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பொருளில் குறை இருந்தால் முறையிடக் குறைந்தது 2 ஆண்டுகள் சட்டம் தருகிறது. நோர்வேயில் நெடுங்காலம் உழைக்க வேண்டிய பொருள்களுக்கு 5 ஆண்டுகள். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு குறைவாக இருந்தால் பழைய ஜாக்கெட் வாங்குவதில் தப்பே இல்லை. இங்கே எல்லோரும் வாங்குகிறார்கள். விற்பவர் வீட்டு வாசலிலேயே உள்பக்கம் திருப்புங்கள். முதலில் கழுத்தைப் பாருங்கள். வியர்வையும் தலை எண்ணெயும் படும் இடம் அது. சவ்வு தோல் உரிவதுபோல் கழன்றிருந்தால் அதை ஒட்ட வைக்க வழியில்லை, வந்துவிடுங்கள். டேப் மட்டும் ஓரத்தில் கிளம்பியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அதை மறுபடி ஒட்டிவிடலாம்.