கண்டுபிடிக்கிற கூலி

புதுப்பேட்டைக்கு வருகிறவர்கள் ஏதாவது ஒரு பாகத்தைத் தேடித்தான் வருவார்கள். சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, கூவம் வளைந்து ஓடுகிற இந்தப் பகுதியில் கார் கதவு தனியாகக் கிடைக்கும், கியர் பெட்டி தனியாகக் கிடைக்கும், ஸ்டியரிங் தனியாகக் கிடைக்கும். பிரித்துப்போட்ட வண்டிகளின் இரும்பு நடைபாதை வரைக்கும் அடுக்கியிருப்பதால் மனிதர்கள் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அந்தச் சந்துகளில் ஒன்றில், வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகளை மட்டும் பார்க்கிற பட்டறை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

தகரக் கூரை போட்ட சின்ன இடம். இரண்டு வண்டிகள் உள்ளே நின்றால் மூன்றாவது வண்டி தெருவில்தான். மெக்கானிக்கை எல்லோரும் ‘பாய்’ என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அறுபதை நெருங்குகிற வயது. வலது கணுக்கால் கொஞ்சம் வீங்கியே இருக்கிறது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கிக்கரை மிதித்ததில் வந்தது என்றார். பட்டறைக்கு வந்தபோது அவருக்குப் பதினொரு வயதாம். டீ வாங்கி வருவது, பாகங்களைக் கழுவுவது, பக்கத்தில் நின்று பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. ரொம்ப நாள் வரைக்கும் ஸ்பேனரைத் தொடவிடவில்லையாம். அந்த வயதுப் பிள்ளைகளை இன்றைக்குப் பட்டறையில் வைக்கச் சட்டம் அனுமதிக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த நின்று பார்க்கிற காலத்தை இப்போது யார் கொடுப்பார்கள் என்பது பாய்க்கு ஒரு கவலை. அவரிடம் இருக்கும் பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். கழற்றுவதில் கெட்டிக்காரன். அதுதான் பிரச்சினை என்கிறார்.

நான் போன அன்று காலையில் வந்திருந்தது 1980களின் 350 ஸ்டாண்டர்டு. கறுப்பு டாங்க், கையால் இழுத்த தங்கக் கோடு, வலது காலில் கியர். மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். வண்டிக்காரர் மென்பொருள் துறையில் இருக்கும் இளைஞர். வண்டி அவருடைய தாத்தாவுடையது. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வண்டியோ ஸ்டார்ட் ஆகவில்லை. ஏற்கெனவே வேறொரு பட்டறையில் பிளக், காயில், பேட்டரி, கார்ப்பரேட்டர் என்று வரிசையாக எல்லாம் புதிதாகப் போட்டாகிவிட்டது. பில்லைக் கைபேசியில் காட்டினார். பாய் அதைப் பார்க்கவில்லை.

இந்த எஞ்சினின் ஜாதகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் இங்கே மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சும் கருவியும் வாங்கி எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 1970இல் இங்கிலாந்துக் கடை மூடப்பட்டது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அந்த எஞ்சினோ திருவொற்றியூரில் 2000களின் கடைசி வரை வந்துகொண்டிருந்தது. ஒரு மெக்கானிக்கின் பார்வையில் இதற்குப் பொருள் வேறு. பாய் பையனாக இருந்தபோது கற்றது, அவர் தாத்தாவான பிறகும் பழசாகவில்லை. அப்படிப்பட்ட தொழில்கள் இந்த ஊரில் அதிகம் இல்லை.

பாய் கிக்கரைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: “எப்படி நின்னுச்சு சார்? ஓடிட்டிருக்கும்போது பட்டுனு நின்னுதா, மிஸ்ஸிங் அடிச்சு அடிச்சு நின்னுதா?”

பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு, திணறித் திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு என்பது பட்டறைகளின் பாலபாடம். சில வண்டிகள் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும். டாங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். மூடியில் இருக்கும் காற்றுத் துளையைப் பாலிஷ் மெழுகு அடைத்திருக்கும். அதற்குக் கார்ப்பரேட்டரையே மாற்றி அனுப்பிய கதைகள் பாயிடம் நிறைய உண்டு.

“நிக்கல பாய். தாத்தா போனப்புறம் ரெண்டு வருஷம் போர்ட்டிகோல சும்மா இருந்துச்சு. அப்புறம் ஸ்டார்ட்டே ஆகல.”

“அப்ப இது நின்ன வண்டி இல்ல. நிறுத்தி வச்ச வண்டி.”

அந்த ஒரு பதிலில் பாதி எஞ்சின் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிட்டது என்று பிறகு எனக்கு விளக்கினார். நன்றாக ஓடிய வண்டி நின்ற இடத்தில் பிஸ்டனோ பேரிங்கோ தேய்ந்துவிடாது. நிற்கிற வண்டியில் நடப்பது மூன்று: பெட்ரோல் கெடும், ஈரம் சேரும், துரு பிடிக்கும்.

டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். புது பெட்ரோல்தான். பழைய பெட்ரோலாக இருந்தால் வார்னிஷ் வாடை வரும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் டேப்பும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே கார்ப்பரேட்டருக்கு முதலில் இறங்குவது அந்தத் தண்ணீர்தான். ஸ்லோ ஜெட்டின் துளை மயிரிழை அளவு. அதில் பிசின் கட்டினால், பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் கார்ப்பரேட்டரிலும் வண்டி கிளம்பாது. இந்த வண்டியில் கார்ப்பரேட்டர் புதிது. அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி உள்ளங்கையில் கொஞ்சம் வடித்துப் பார்த்தார். சுத்தமாக வந்தது.

பையன் பிளக்கைக் கழற்றினான். முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் சிலிண்டர் வரை போகிறது என்று அர்த்தம். பிளக்கை சிலிண்டர் ஹெட்டின் மேல் படுக்க வைத்துக் கிக்கரைக் கையால் அழுத்தினான். நீலப் பொறி, ‘டிக்’ என்ற சத்தத்தோடு. பொறி மஞ்சளாக, இழுவையாக வந்தால் கண்டென்சரைப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே அதற்கு வேலையில்லை.

பிளக்கைத் திரும்பப் பூட்டியதும் பாய் எழுந்து கிக்கரின் மேல் தன் எடையை வைத்து நின்றார், மிதிக்காமல். கிக்கர் அவரைக் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு மெதுவாக இறங்கியது. கம்ப்ரஷன் இருக்கிறது. டேப்பெட் மூடியைத் திறந்து இரண்டு புஷ்ராடுகளையும் விரலால் சுழற்றினார். எஞ்சின் ஆறியிருக்கும்போது அவை தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். இரண்டும் சரியாகச் சுற்றின.

“மூணும் இருக்கு பாய்” என்றான் பையன். பெட்ரோல், கரண்ட், கம்ப்ரஷன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எஞ்சின் கிளம்ப இவை மூன்றும் வேண்டும் என்றுதான் இருக்கும். முந்தைய பட்டறையும் இந்த இடத்துக்கு வந்துதான் முட்டி நின்றிருக்க வேண்டும். அதற்கு மேல் வழி தெரியாததால் பாகங்களை மாற்ற ஆரம்பித்திருக்கிறார்கள்.

பாய் வண்டிக்காரரைப் பார்த்து, “திருப்பி உதைக்குதா சார்?” என்றார்.

இளைஞர் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் நீலம் பாரித்திருந்தது. அதைத் தன்னுடைய மிதிக்கத் தெரியாத குறை என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லையாம். முந்தைய இடத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு ஐந்து நிமிடம்தான். சிலிண்டருக்குப் பின்னால், வலப்பக்கம் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே பாயின்ட் (அது திறக்கும்போதுதான் பொறி வரும்), அதைத் திறந்து மூடும் சின்ன கேம். கேமை இரண்டு விரலால் பிடித்துத் திருக முயன்றார். நல்ல நிலையில் அது கொஞ்சம் திரும்பி, விட்டதும் தானே பழைய இடத்துக்குத் துள்ளி வர வேண்டும். இது அசையவில்லை. “பிடிச்சுக்கிச்சு” என்றார்.

நடந்தது இதுதான். பாயின்ட் தட்டுக்கு அடியில் இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. எஞ்சின் வேகமெடுத்தால் எடைகள் விரிந்து கேமை முன்னே தள்ளும். பொறி சீக்கிரமாக வரும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுக்கும். பொறி தாமதமாக, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு வெறும் 0.8 மி.மீ. முன்பு வரும். கிக்கரின் மெதுவான சுற்றுக்கு அந்தத் தாமதம் கட்டாயம். கடைசியாக நிறுத்தியபோது ஒட்டிக்கொண்டு உள்ளே திரும்பாத எடைகள், ஈரத்தில் நின்ற வண்டியில் துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே உறைந்துவிட்டன. பொறி சீக்கிரமே வந்துவிடுகிறது; பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே நெருப்பு பற்றி அதைக் கீழே தள்ளுகிறது; அந்தத் தள்ளல்தான் கிக்கர் வழியாக இளைஞரின் காலுக்கு வந்தது. மூன்றும் இருந்தும் நேரம் தப்பு. புது பிளக்கும் புது காயிலும் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

தட்டைக் கழற்றி எடைகளை டீசலில் ஊறவைத்தார்கள். முன்பெல்லாம் மண்ணெண்ணெய், இப்போது அது எளிதில் கிடைப்பதில்லை. ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாய் பார்த்த விதத்தை நான் மறுபடி செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தேன்: நகத்தால் லேசாக இழுத்து விடுகிறார், அவ்வளவுதான். எவ்வளவு இழுத்தால் சரி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பாயின்ட் முகத்தை நைசு உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. வைத்தார்கள். கேமில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற அளவு கிரீஸ்; அதிகமானால் பாயின்டில் தெறித்துக் கரண்டைக் கெடுக்கும்.

டைமிங் வைப்பதைப் பாய் பையனிடம் விடவில்லை. பிளக் துளையில் சைக்கிள் கம்பியை விட்டு உச்சியைத் தேடினார். துளை சாய்வாக இருப்பதால் கம்பி காட்டுவதை அப்படியே நம்ப முடியாது. எவ்வளவு தள்ளிக் கணக்கிட வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். பிறகு சிகரெட் பெட்டியின் உள்தாளில் ஒரு துண்டைக் கிழித்துப் பாயின்டுக்கு இடையில் வைத்து மெல்ல இழுத்தபடி எஞ்சினைச் சுற்றச் சொன்னார். தாள் விடுபடுகிற கணம்தான் பாயின்ட் திறக்கிற கணம். அங்கே போல்ட்டை இறுக்கினார்.

ஸ்டார்ட் செய்யும் முறையை வண்டிக்காரருக்கும் கற்றுக்கொடுத்தார். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்த, ஹெட்லைட்டின் மேல் இருக்கும் ஆம்ஸ் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். அது நடுவுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுகிற டிகம்ப்ரஷரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டு, மேலே கொண்டுவந்து ஒரே மிதி. “கோவமா மிதிக்காதீங்க சார். முழுசா மிதிங்க.” இளைஞர் மிதித்தார். எஞ்சின் எழுந்தது. பாய் காதைச் சாய்த்துக் கேட்டு, ஏர் ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பினார்.

எல்லாம் முடிந்து கூலி எழுநூறு ரூபாய் என்றார். இளைஞர் கொடுத்துவிட்டார். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “என்ன பாய் மாத்தினீங்க?”

“ஒண்ணும் மாத்தல சார்.”

அப்போது இளைஞரின் முகத்தில் வந்த தயக்கத்தை நான் பார்த்தேன். முந்தைய இடத்தில் பல ஆயிரம் கொடுத்தபோது அந்தத் தயக்கம் வந்திருக்காது. கையில் பாகம் இருந்தது, பில்லில் பெயர் இருந்தது. ஒன்றுமே மாற்றாதவருக்கு எதற்குக் காசு? வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்கிறார்கள் என்கிறார் பாய். அதனால் சில மெக்கானிக்குகள், கோளாறு ஒரு திருகில் இருந்தாலும் ஒரு பாகத்தை மாற்றிவிட்டுத்தான் பில் போடுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் கண்டுபிடிக்க யார் மெனக்கெடுவார்கள்?

இதில் பெரிய நஷ்டம் வண்டிக்காரருக்குத்தான். தாத்தாவின் வண்டியில் இருந்த பழைய காயிலும் கார்ப்பரேட்டரும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். அவை திரும்பக் கையில் வரவில்லை. அந்தக் காலத்து ஒரிஜினல் பாகங்களைத் தேடித்தான் புல்லட்காரர்கள் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்த பிறகு புது புல்லட்டில் கார்ப்பரேட்டர் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். கோளாறை ஸ்கேனர் எண்ணாகக் காட்டுகிறது. ஐ.டி.ஐ. பையன் அதையும் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அதில்தான் எதிர்காலம். புது வண்டிகள் காலையில் பொத்தானைத் தொட்டதும் கிளம்பிவிடுகின்றன, யார் காலிலும் நீலம் பாரிப்பதில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பாயின்ட் வைத்த புல்லட்டுகளும் யெஸ்டிகளும் ராஜ்தூத்துகளும் இன்னும் வீடுகளில் நிற்கின்றன. அவற்றுக்குப் பாய் போன்றவர்கள்தான் வேண்டும்.

அப்படி ஒரு வண்டி உங்கள் வீட்டில் இருந்தால் சில வேலைகள் செய்யுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கையும் கார்ப்பரேட்டரையும் வடித்துவிட்டு நிறுத்துங்கள். பட்டறைக்குப் போனால் வண்டி எப்படி நின்றது, என்ன சத்தம் வந்தது, காலில் எங்கே அடித்தது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை விடும்போதே பார்க்கிற கூலி எவ்வளவு என்று கேட்டு, எதையும் மாற்றாவிட்டாலும் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.