நைட்ரில் கையுறை

மாதத்தின் முதல் தேதியில் விமான எரிபொருள் விலை ஏறினாலும் இறங்கினாலும் நாளிதழ்களில் செய்தி வருகிறது. அந்த எரிபொருளைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர்களைப் பற்றி நான் ஒரு வரியும் படித்ததில்லை. விமான நிலைய எரிபொருள் கிடங்கில் பணிபுரியும் நண்பர், "வந்து பாருங்கள்" என்று அனுமதி வாங்கித் தந்தார்.

தொட்டியின் அடியில் தங்கிய நீரை வடிப்பதுதான் காலையில் முதல் வேலை. ஐம்பதைக் கடந்த ஒரு ஒப்பந்தத் தொழிலாளி கண்ணாடிச் சாடியில் எரிபொருளைப் பிடித்து, சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தூசும் நீர்த்துளியும் இல்லாமல் பளிச்சென்று இருக்க வேண்டும். பிறகு ஊசிக்குழலின் முனையில் மஞ்சள் வில்லையைப் பொருத்தி எரிபொருளை உறிஞ்சினார். நீர் கலந்திருந்தால் வில்லை பச்சையாகிவிடும். நிறம் மாறவில்லை. விமானத்துக்காக இத்தனை கவனம். சாடியின் விளிம்பில் வழிந்த எரிபொருள் அவர் விரல் வழியாக மணிக்கட்டு வரை இறங்கியதை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை.

"கையுறை தர மாட்டாங்களா அண்ணே?"

"துணி கையுறை தருவாங்க சார். ரெண்டு நாள்ல ஊறிப்போயிரும். அதுக்கு வெறுங்கையே தேவலை. எத்தனை சோப்பு போட்டாலும் வாசம் போகாது, சோத்துலயும் அதே வாசம். பேத்தி மடியில ஏறுனா மூக்கைப் பொத்திக்கிது."

உள்ளங்கையைக் காட்டினார். கோடு கோடாக வெடித்து, தோல் உரிந்திருந்தது. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் இனம். தோலின் எண்ணெய்ப் பசையை உருவிவிடும். துணி கையுறை அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டியே வைத்திருக்கும். நைட்ரில் ரப்பர் கையுறைதான் தடுக்கும்.

மூச்சு வழியாகவும் எரிபொருள் உள்ளே போகிறது. இறக்கைக்குள் எரிபொருள் ஏற ஏற, உள்ளிருக்கும் ஆவி இறக்கை முனையின் துளை வழியே வெளியேறும். நிரப்புகிறவர் நிற்பது இறக்கையின் கீழேதான். அந்த ஆவியில் நாப்தலீன் உண்டு, சிறிதளவு பென்சீனும் உண்டு. பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. ஆவியை அதிகம் சுவாசித்தால் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். இரைச்சலோடு இத்தகைய கரைப்பான்களும் சேர்ந்தால் செவித்திறன் கூடுதலாகக் கெடலாம் என்கின்றன ஆய்வுகள். நான் பேசும்போதெல்லாம் அவர் வலக் காதைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. ஆஸ்திரேலியாவின் ஆம்பர்லி விமானப்படைத் தளத்தில் 1977 முதல் எஃப்-111 விமானங்களின் எரிபொருள் தொட்டிகளுக்குள் ஊர்ந்து சென்று பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள் பணியாளர்கள். எரிபொருளிலும் கடும் ரசாயனங்களிலும் ஊறிய அவர்களின் முறையீட்டை நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. விசாரணைக் குழு அறிக்கை தர 2001 ஆனது. ராணுவச் சீருடை அணிந்தவர்களுக்கே அந்தக் கதி!

நம் ஒப்பந்தத் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்? குறைந்த தொகை கேட்டவருக்கு டெண்டர். அவர் லாபம் பார்ப்பது கையுறையிலும் மருத்துவப் பரிசோதனையிலும்தான். ஒப்பந்தக்காரர் மாறினால் தொழிலாளியின் பழைய பதிவுகளும் போய்விடும். பிறகு நோய் வந்தால் வேலையால் வந்தது என்று எதைக் காட்டி நிரூபிப்பார்? பென்சீன் நச்சைத் தொழில்நோய் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே பட்டியலிட்டது. சட்டத்தில் இடம் இருந்து என்ன பயன்?

டெண்டரிலேயே எழுதுங்கள்: நைட்ரில் கையுறை, காதுக்கவசம், ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் செவிப் பரிசோதனையும். அந்தப் பதிவேடு தொழிலாளியின் கையில் இருக்கட்டும். இதற்கான செலவை, வேலையை ஒப்பந்தத்துக்கு விடும் முதன்மை நிறுவனமே ஏற்க வேண்டும்.