தண்டச் செலவு

அக்கவுண்டன்சியில் தீ விபத்துக் காப்பீடுன்னு ஒரு பாடம் வரும், நம்ம ஆளுங்களுக்குத் தெரியும். அதில் 'ஆவரேஜ் கிளாஸ்' என்று ஒரு விதி. (நம்ம வகுப்பைச் சொல்லவில்லை, முறைக்காதீங்க.) இருக்கிற சரக்கின் மதிப்பைவிடக் குறைவான தொகைக்கு பாலிசி எடுத்திருந்தால், நஷ்டப் பணமும் அதே விகிதத்தில் குறைந்துதான் வரும். சார் போர்டில் கணக்குப் போடும்போது எனக்கு எங்க கடை ஞாபகம் வந்துவிட்டது.

முடிச்சூர் பக்கம் அப்பாவுக்கு சின்னதா ஒரு ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை. 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு ஏறி வந்தபோது நான் அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கினால், நோட்டுகள் எல்லாம் ஊறி உப்பி, ஷெல்ஃபை விட்டு உருவ முடியாமல் இறுகிக் கிடந்தன. ஜெராக்ஸ் மெஷினுக்குள் சேறு.

பாலிசி இருந்தது. பேர்தான் தீ பாலிசி, வெள்ளமும் அதில் சேர்த்தி. கடன் கொடுத்த பேங்க் கட்டாயப்படுத்தியதால் எடுத்தது. கடை திறந்தபோது எழுதிய நாலு லட்சத்தை அப்பா ஏற்றவே இல்லை. டிசம்பரில் சரக்கோ ஆறு லட்சம். நஷ்டம் நாலரை லட்சம். அப்போ நாலு லட்சம் முழுசா வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார். சர்வேயர் வந்து, பில் எல்லாம் கேட்டு, மாசக்கணக்கில் இழுத்து, கடைசியில் வந்தது மூணு லட்சம்.

"ஏமாத்திட்டாங்கடா" என்று இன்றைக்கும் சொல்வார்.

நாலரையை நாலால் பெருக்கி ஆறால் வகுத்துப் பாருங்க. சரியா மூணு. யாரும் ஏமாற்றவில்லை. வருஷத்துக்கு சில நூறு ரூபாய் பிரீமியம் மிச்சம் பிடித்தது அப்பாதான். பூட்டிக் கிடந்த இரண்டு மாதத்துக்கு வாடகை, பையன் சம்பளம் எதுவும் அந்த பாலிசியில் வராது. அதற்கு லாப இழப்பு பாலிசி என்று தனியா இருக்கிறதாம், அதே பாடத்தின் பிற்பகுதி. எங்க வீட்டில் அந்த வேலையைச் செய்தது அம்மாவின் செயின்.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இது தண்டச் செலவாகத் தெரியாதா என்ன? விம்பிள்டன்காரர்கள் 2003 சார்ஸுக்குப் பிறகு தொற்றுநோய்க்கும் சேர்த்து காப்பீடு எடுத்து, வருஷா வருஷம் கட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2020-ல் கொரோனாவால் போட்டி ரத்தானபோது பணம் வந்தது. அடுத்த வருஷத்துக்கு அதே காப்பீடு கேட்டால் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் தேவைப்படும்போது விற்க ஆள் இல்லை!

போன மாசம் எங்க பாலிசி புதுப்பிக்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை பூரா உட்கார்ந்து சரக்கு எண்ணினேன், ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. பழைய கணக்கை எடுக்க மனசு வரவில்லை. விதியை மட்டும் பொதுவாகச் சொன்னேன். 2021 ஏப்ரலில் இருந்து சின்னக் கடைகளுக்கான பாலிசியில், தொகை 15 சதவீதம் வரை குறைந்திருந்தாலும் அந்த விகிதக் கணக்குப் போட மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. 2015 கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்க்கிறாரோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"அப்ப பதினஞ்சு பர்சென்ட் குறைச்சே எழுதுடா" என்றார்.