வண்டிக் காப்பும் வழித்துணையும்

திண்டிவனத்தினின்று திருவண்ணாமலை செல்லும் பெருஞ்சாலை எம் செஞ்சிக் கோட்டையின் குன்றுகளினூடே செல்வதை அன்பர் பலரும் அறிவர். பௌர்ணமிதோறும் கிரிவலஞ் செல்வோர் வண்டிகள் அவ்வழியே இடைவிடாது ஓடும். அச்சாலையருகே வாழும் எமக்கு, மோட்டார் இன்ஷூரன்ஸைப் பற்றிச் சிறிது ஆராயும் அவசியம் நேர்ந்தது.

காருக்குரிய பாலிஸி இரு பகுதியுடையது. ஒன்று நம் வண்டியின் சேதத்துக்கு. மற்றொன்று நம்மால் ஊறுபடும் பிறருக்கு. முற்பகுதியில், ஈடு கோராத ஆண்டுகள் பெருகப் பெருக, புதுப்பிக்கும்போது பிரிமியத்தில் 20, 25, 35, 45, 50 எனச் சதவீதத் தள்ளுபடி உயரும். இதுவே நோ கிளெய்ம் போனஸ். ஒருமுறை ஈடு கோரின் அது முற்றும் நீங்கும். பாலிஸி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பியாவிடினும் நீங்கும்.

எம் அயலார் ஒருவர் 50 சதவீதம் பெற்றிருந்தார். அவர் வண்டி ஆடொன்றின்மீது மோதி முகப்பு நசுங்கிற்று. செப்பனிட 6,000 ரூபாய். தள்ளுபடியின்றி அவர் பிரிமியம் 8,000 எனின், ஈடு கோரியபின் ஐந்து புதுப்பிப்புகளில் அவர் இழப்பது 4,000, 2,400, 2,000, 1,200, 400. ஆக 10,000 ரூபாய். எனவே கைப்பொருளாலேயே செப்பனிட்டார். அது நற்கணக்கே.

ஆயின் சில திங்களுக்குப்பின், விறகு சுமந்து வந்த முதியவர் ஒருவரை அவர் வண்டி தள்ளிக் கால் முறிந்தது. கூடினோர், "ஐயாயிரம் கொடுத்து முடித்துவிடுங்கள், காவல் நிலையம் வேண்டா" என்றனர். யாம் உடன்படவில்லை. கூலியே பிழைப்பான ஒருவருக்கு முறிந்த காலின் விலை ஐயாயிரமா? பிறர்க்கான காப்பு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமாவது இத்தகையோர் பொருட்டன்றோ? காயமுற்றாரை மருத்துவரிடஞ் சேர்த்தலும், 24 மணி நேரத்துள் காவல் நிலையத்திற் கூறுதலும் ஓட்டுவோர் கடமையென அச்சட்டமே விதிக்கின்றது. அயலார் அவ்வாறே செய்தார். முதியவர் வழக்கு நட்ட ஈட்டுத் தீர்ப்பாயஞ் சென்றது.

விதி மீறலுக்கும் காப்புக்கும் தொடர்பில்லையெனச் சிலர் எண்ணுவர். குடித்தோ உரிமமின்றியோ ஓட்டினவர் தம் வண்டியின் சேதத்துக்கு ஈடு பெறார். பிறர்க்கு அளித்த தொகையையும் உரிமையாளரிடமே வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் கம்பெனிகளுக்கு ஆணையிட்டதுண்டு. மீறல்களுக்கேற்பத் தனிப் பிரிமியம் விதிக்கலாமென 2021ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழுவொன்று பரிந்துரைத்ததும் ஈண்டு நினையத்தக்கது.

ஆதலின் மாணவ நண்பர்காள், நசுங்கிய தகட்டுக்குக் கணக்குப் பாருங்கள். முறிந்த எலும்புக்குப் பாராதீர்கள். தள்ளுபடி போயின் ஐந்தாண்டில் மீளும். முதியவர் இன்றுங் கோலூன்றியே நடக்கின்றார்.