பிறிதின்கிழமை

இலக்கணம் கற்பிக்கும் எங்களுக்கு ஆறாம் வேற்றுமை ஆண்டுதோறும் தவறாமல் வந்துபோகும் விருந்தாளி. உடைமையை நம் இலக்கண நூலார் இரண்டாகப் பகுத்தனர். உடையவனிடமிருந்து பிரிக்க இயலாதது தற்கிழமை: என் கை, என் நிறம். பிரிந்து வேறாக நிற்கக்கூடியது பிறிதின்கிழமை: என் குடை, என் வீடு. அண்மைக் காலமாக இந்தப் பாடம் நடக்கும்போது, "மின்னஞ்சல் எந்தக் கிழமை ஐயா?" என்று யாரேனும் கேட்டுவிடுகிறார்கள். (ஞாயிற்றுக்கிழமை என்று கடைசி வரிசையிலிருந்து பதிலும் வந்துவிடுகிறது.)

கேள்வி அப்படியொன்றும் விளையாட்டானதன்று. எங்கள் துறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய மூத்த பேராசிரியர் ஒருவர் கல்வியாண்டின் இறுதியில் ஓய்வு பெற்றார். அவருடைய துணைவியார் முடக்குவாதத்தால் எழுந்து நடக்கச் சிரமப்படுபவர். வெளிநாட்டில் பணிபுரியும் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, குரலுக்குக் கட்டுப்படும் பல்புகளையும், மேசை விசிறிக்கு ஒரு ஸ்மார்ட் பிளக்கையும், வாசலில் ஒரு கேமராவையும் பொருத்தினார். கட்டிலருகே ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரையும் வைத்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கணக்கு வேண்டும் என்றது செயலி. கடவுச்சொல் தமக்கு நினைவிலிருந்த ஒரே கணக்கைப் பேராசிரியர் கொடுத்தார். அது கல்லூரி வழங்கியது. அம்மையார் இரண்டு மூன்று ஆங்கில வாக்கியங்களைக் கற்றுக்கொண்டார். படுத்தபடியே விளக்கைப் போடுவது, விசிறியை நிறுத்துவது: யாரையும் கூப்பிடாமல் அவர் செய்யத் தொடங்கிய காரியங்கள் அவை.

ஓய்வுக்குச் சில வாரங்கள் கழித்து, பணியில் இல்லாதோரின் கணக்குகளை நிர்வாகம் மூடியது. ஸ்பீக்கர் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிட்டது. கைப்பேசியில் வாசல் தெரியவில்லை. நாங்கள் நால்வர் பார்க்கச் சென்றிருந்த மாலையில் அம்மையார் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் பொண்ணையும் ரிட்டயர் பண்ணிட்டாங்களா?" பேராசிரியர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டார்.

கல்லூரியைக் குறைசொல்வதற்கில்லை. விலகியவர் கணக்கைத் திறந்தே வைப்பது எந்த நிறுவனத்திற்கும் ஆபத்து. பணிக்காலத்தில் தரப்படும் அரசுக் குடியிருப்பைப் போன்றது அது. பணி முடிந்தால் சாவியைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் குடியிருப்பைக் காலி செய்பவர் தம் கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். இங்கோ வீடு நம்முடையது, பல்பு நம் காசில் வாங்கியது, அதை ஏற்றும் அதிகாரம் மட்டும் கல்லூரியின் பீரோவுக்குள்.

முகவரியின் அமைப்பே இதைச் சொல்லிவிடுகிறது. தமிழில் உடையவன் முன்னே வருவான், உடைமை பின்னே. மின்னஞ்சலில் நம் பெயர் முன்னே நிற்கிறது. உடையவர் அந்தச் சுழித்த குறிக்குப் பின்னால் இருக்கிறார். எந்தச் சேவையைத் திறப்பது, எதை மூடுவது என்பதெல்லாம் அவர் நியமித்த நிர்வாகியின் கையில். கூகுளின் நிறுவனக் கணக்குகளில் ஒருவரை நீக்கினால் 20 நாள்களுக்குள் மீட்கலாம், பிறகு வழியில்லை. 2019இல் நெஸ்ட் கருவிகளின் பழைய கணக்குகளைக் கூகுள் கணக்குகளாக மாற்றிக்கொள்ளச் சொன்னபோது, நிறுவனக் கணக்குகளை அதற்கு ஏற்கவில்லை. அன்று பலர் எரிச்சலுற்றனர். பின்னர் நிர்வாகி அனுமதித்தால் ஆகலாம் என்றாயிற்று. மறுத்த காலமே நல்ல காலமோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சொந்த டொமைன் வைத்திருப்போர் நிலை இதைவிடச் சற்று மேல், அவ்வளவே. 2006இல் சொந்த டொமைனில் அஞ்சல் வசதியை இலவசமாகத் தரத் தொடங்கிய கூகுள், 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு அதை நிறுத்தியது. 2022 ஜனவரியில் பழையவர்களும் கட்டணம் செலுத்தவேண்டும் என்றது. கூச்சல் எழுந்தபின், சொந்தப் பயன்பாட்டிற்கு மட்டும் இலவசம் தொடரலாம் என்று இறங்கிவந்தது. டொமைனும் பட்டா நிலமன்று, குத்தகை. புதுப்பிக்க மறந்தால் இன்னொருவர் வாங்கலாம். கடவுச்சொல்லை மீட்கும் அஞ்சல் அதன்பின் அவருக்குப் போகும்.

வெளியார் கணக்கே வேண்டாம் என்போருக்கு 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டண்ட் போன்ற திறமூல மென்பொருள் உண்டு. வீட்டிலுள்ள ஒரு சிறு கணினியிலேயே அது ஓடும். ஆனால் அதைப் பேணுவதற்கு வீட்டில் ஆள் வேண்டும். இந்த வீட்டின் ஆள் கடல் கடந்து இருக்கிறார்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை (மாணவன் சொன்னது பலித்தது) நாங்கள் அங்கே போய் ஒவ்வொரு கருவியையும் பழைய நிலைக்குத் திருப்பி, புதிதாகச் சேர்த்தோம். பல்புகளைப் பலமுறை போட்டு அணைக்க வேண்டியிருந்ததில் அரைநாள் போயிற்று. கணக்கை அம்மையார் பெயரிலேயே தொடங்கினோம். மகனை இரண்டாம் உறுப்பினராகச் சேர்த்தோம். கேமராவின் பழைய பதிவுகள் கிடைக்கவில்லை. கடவுச்சொல்லை அம்மையாரே தேர்ந்து, பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்.

ஓய்வு பெறுவோருக்கு 90 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும், அலுவலுக்குப் புறம்பாக அக்கணக்கில் என்னென்ன இணைந்துள்ளன என்று பார்த்துக்கொள்ளச் சொல்லவேண்டும் எனக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வரும் மே மாதத்தில் எங்கள் துறையில் மேலும் இருவர் ஓய்வு பெறுகிறார்கள்.